தற்காலிக வளைய நீக்குநர்

பாப்பாயி செத்த மறுநாள் பிச்சமுத்து ஒரு சுருட்டு பிடித்தார். ஐம்பத்தெட்டு வயதில் அதுதான் அவருக்கு முதல் சுருட்டு. பாதி பிடித்ததும் அதைச் சுற்றியிருந்த காகித வளையத்தைக் கழற்றிக் கீழே போட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பாப்பாயி அவர் பெண்சாதி. ஸ்ரீரங்கத்தில் ஐந்து மாடிக் கட்டட வேலையில் சித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாம் மாடிக்குக் கலவை ஏற்றிக்கொண்டிருந்தவள், "இருங்க, நெஞ்சைப் பிடிக்குது" என்று செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். கலவைச் சட்டியை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வரும்போதே உயிர் இல்லை என்றதால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று ஆகிப்போனது.

பிச்சமுத்து காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சேதி வந்தபோது முதுகில் மூட்டை இருந்தது. அதைக் கொண்டுபோய் மற்ற மூட்டைகளோடு அட்டியில் சேர்த்துவிட்டுத்தான் கிளம்பினார். பிள்ளை குட்டி கிடையாது. அழுகையும் வரவில்லை. மூட்டையை இறக்கின பிறகும் கொஞ்ச நேரம் தோள் மேல் ஏதோ இருக்கிற மாதிரியே இருக்குமே, அது மட்டும் இருந்தது. ராத்திரி முழுக்க இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பிணவறை ஊழியர் அவரை உள்ளே கூப்பிட்டு முகத்தைக் காட்டினார். ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். ஒரு ஜோடி மெட்டி, மூக்குத்தி, சுருக்குப் பை.

"வெரல்ல ஒரு கடுதாசி மோதிரம் கெடக்கு. அதை லிஸ்ட்டுல எழுதல."

"கெடக்கட்டுங்க" என்றார் பிச்சமுத்து.

அது சுருட்டு வளையம். பாப்பாயிக்கு வேலை விட்டதும் ஒரு சுருட்டு வேண்டும். நெருப்பு வளையத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அதைக் கழற்றி மோதிர விரலில் போட்டுக்கொள்வாள். மறுநாள் புதுசு வருகிறவரை பழசு விரலில் கிடக்கும். தினம் ஒரு மோதிரம் மாற்றுகிற பொம்பளை இந்தத் திருச்சியில் நான் ஒருத்திதான் என்பாள்.

"ரெண்டு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும்" என்றார் ஊழியர். "ஏதாவது அடையாள அட்டை, ஒரிஜினல், காட்டி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க. நாலு மணிக்கு மேல பாடி குடுக்க மாட்டோம். நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை கவர்மெண்ட் லீவு. விட்டா செவ்வாக்கிழமைதான், பாத்துக்கங்க."

ஆதார் அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. மண்டிக்காரர்கள் நாலு பேர் ஓயாமரிச் சுடுகாட்டில் விறகுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். மணி பதினொன்று. ரெண்டு வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்து பழக்கமும் இல்லை.

எதிரே முகம்மது கனி டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து சுருக்குப் பையைத் திறந்து பார்த்தார். பாக்கு, தீப்பெட்டி, ஒரு சுருட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு என்று அவள் வாங்கி வைத்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. பற்ற வைத்தார். இருமிக்கொண்டே பிடித்தார். நெருப்பு வளையத்துக்குக் கிட்டே வந்ததும் மை கருகுகிற வாடை அடித்தது. அவள் செய்வதுபோலவே நகத்தால் நெம்பி எடுத்தார். விரலில் போட்டுப் பார்த்தார். மூட்டை தூக்கித் தடித்த விரல். முதல் கணுவிலேயே நின்றுவிட்டது. கீழே போட்டார்.

"அய்யய்யோ, அண்ணே!" என்றார் முகம்மது கனி. "எடுங்க, எடுங்க! அவங்க வர்றாங்க!"

அதற்குள் பச்சைக் கோட்டு மாட்டிய இரண்டு பேர் ஜீப்பிலிருந்து குதித்து விட்டார்கள். கோட்டின் முதுகில் 'மாண்புப் படை' என்று எழுதியிருந்தது. முன்னால் வந்த இளைஞன் பெயர் பிராங்க்ளின் என்று நெஞ்சில் குத்தியிருந்த பட்டையில் இருந்தது.

"பெரியவரே, அசையாதீங்க. சுருட்டைக் கீழ இறக்காதீங்க."

பிராங்க்ளின் பையிலிருந்து பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்துச் சுருட்டை அளந்தான். கூட வந்தவன் வளையத்தை இடுக்கியால் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டான்.

"எரிஞ்சது அஞ்சு சென்டிமீட்டர். புகைக்கும்போது கழற்றல். எழுதிக்க."

"பாய், நான் என்ன பண்ணினேன்?" என்று பிச்சமுத்து டீக்கடைக்காரரைக் கேட்டார்.

முகம்மது கனி அவருக்காகப் பேசினார். "சார், ஆஸ்பத்திரி முன்னாடி பொகை விடக் கூடாதுன்னு போர்டு இருக்கு, வாஸ்தவம்தான். இவருக்குத் தெரியாது, துக்க வீட்டுக்காரரு..."

"பொகை வேற டிபார்ட்மெண்ட்" என்றான் பிராங்க்ளின். "அவரு பிடிக்கலாம், பிடிக்காம இருக்கலாம், அதுல நாங்க தலையிட மாட்டோம். எங்களுக்கு வளையம் மட்டும்தான்."

உறையூர்ச் சுருட்டு மாண்பு வாரியம் என்று ஒன்று இருப்பதே பிச்சமுத்துவுக்கு அப்போதுதான் தெரியும். சுருட்டின் மதிப்பை உயர்த்த வேண்டும் என்று அதை ஏற்படுத்தினார்கள். வாரியம் செய்த முதல் காரியம், தங்க நிறக் காகிதத்தில் வாரியத் தலைவர் பூவரசன் கைகூப்பிச் சிரிக்கும் படத்தை அச்சடித்து எல்லாச் சுருட்டிலும் ஒட்டியது. இரண்டாவது காரியம், அந்தப் படத்துக்கு அவமரியாதை நேராமல் காப்பாற்ற ஆள் எடுத்தது. மூன்றாவது காரியத்துக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"அடையாள அட்டை குடுங்க. மாண்பு வகுப்பு ஒண்ணு இருக்கு. முடிச்சா திருப்பிக் குடுத்துடுவோம்."

"நாலு மணிக்குள்ள நான் இங்க இருக்கணுங்க. பாடி வாங்கணும்."

"ஆபீஸ்ல சொல்லுங்க" என்று அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான் பிராங்க்ளின்.

ஜீப் காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் போனது. வழியில் அந்த ஐந்து மாடிக் கட்டடம் வந்தது. வேலை நடந்துகொண்டிருந்தது. பாப்பாயியின் கலவைச் சட்டியை வேறொருத்தி தூக்கிக்கொண்டு போனாள். சட்டியின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். அதை வைத்துத்தான் தெரிந்தது. பிச்சமுத்து பார்த்தார். ஜீப் திரும்பியதும் அது மறைந்தது.

வாரிய அலுவலகம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இருந்தது. கோயில் இருக்கிற ஊரில் சுருட்டு என்று எழுதி மாட்டக் கூடாது என்று தெருவாசிகள் மனுக் கொடுத்ததால், பெயர்ப் பலகையில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். உறையூர் என்று இருந்தது, அப்புறம் ஒரு வெள்ளைப் பட்டை, அப்புறம் மாண்பு வாரியம். உள்ளே நுழைந்ததும் 'புகை பிடிக்காதீர்' என்று நாலு இடத்தில் ஒட்டியிருந்தது. மாண்பு வாரம் நடப்பதால் சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு.

பதிவு மேசையில் லின்சி என்ற பெண் இருந்தாள். ஆதார் அட்டையை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

"வளையத்தை எப்பக் கழட்டுனீங்க? பிடிக்கறதுக்கு முன்னாடியா, பிடிக்கும்போதா, பிடிச்ச பின்னாடியா?"

"பிடிக்கும்போதும்மா. முன்னாடி கழட்டியிருந்தா ஒண்ணுமில்லையா?"

"முன்னாடின்னா அது வளையமில்லாச் சுருட்டு. அதுக்குப் பக்கத்து மேசை."

"கழட்டாமயே பிடிச்சிருந்தா?"

"தலைவர் படம் எரிஞ்சிடும்ல? முகம் எரித்தல். அது பெரிய கேஸு, உள் ரூம்."

"அப்ப எப்பத்தாம்மா கழட்டுறது?"

லின்சி பேனாவை நிறுத்தினாள். நாலு வருஷமாக அந்த மேசையில் இருக்கிறாள். யாரும் அதைக் கேட்டதில்லை. "ஏடி சாரைக் கேக்கணும்" என்றாள்.

"சீக்கிரம் விட்டுட்டா நல்லதும்மா. நாலு மணிக்குள்ள எம் பொஞ்சாதி பாடிய வாங்கணும்."

லின்சி முகத்தில் நிஜமாகவே வருத்தம் வந்தது. படிவத்தில் அவசரத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. திருமணம், தேர்வு, வெளிநாட்டுப் பயணம், பிற. 'பிற' என்ற இடத்தில் டிக் அடித்தாள்.

ஏடி என்றால் உதவி இயக்குநர் பீமராவ். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. மேசையில் கண்ணாடிக்குக் கீழே விதவிதமான வளையங்களை வரிசையாக வைத்திருந்தார். பிச்சமுத்துவை உட்காரச் சொன்னார், மரியாதையான மனுஷர்தான்.

"உங்க கேள்வியை லின்சி சொன்னா. நல்ல கேள்வி. ஆனா அது கொள்கை முடிவு. அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம். குழுவுல யாரும் சுருட்டு பிடிக்கறவா கிடையாது, பாரபட்சம் வந்துடக் கூடாது பாருங்க." பீமராவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முதல் வருஷம் சுருட்டுக்காக வளையம் அடிச்சோம். அடுத்த வருஷம் பாத்தா வளையம் எக்கச்சக்கம், சுருட்டு போதல. வளையம் வீணாகக் கூடாதேன்னு பென்சிலுக்கு மாட்டினோம். ஊதுவத்திக்கு மாட்டினோம். ஒரு தடவை முருங்கைக்காய்க்குக்கூட மாட்டிப் பாத்தோம். எதுலயும் அந்தக் கம்பீரம் வரல. சுருட்டு இல்லாமப் போனாலும் போகட்டும், வளையம் நிக்கணும். அதுதான் இந்த வாரியத்தோட லட்சியம்."

"நான் நாலு மணிக்குள்ள..."

"தெரியும், தெரியும். பிற. ஒரு மணி நேர வகுப்புதான். பெரியவரே, நீங்க மூட்டை தூக்கறவர்னு படிவத்துல பாத்தேன். ஒரு சின்ன உபகாரம் பண்ணுங்களேன்."

உபகாரம் என்பது ஒரு மரச்சுருட்டு. தச்சனிடம் சொல்லிச் செய்தது, ஆள் உயரம், தென்னந்தூண் கனம். நடுவில் லாரி டயர் அகலத்துக்கு ஒரு வளையம், அதில் பூவரசன் சிரித்தார். வகுப்பு நடக்கும் கூடத்துக்கு அதைக் கொண்டுபோக ஆள் இல்லாமல் மூன்று நாளாக மூலையில் கிடந்தது. பிச்சமுத்து குனிந்து தோளைக் கொடுத்தார், ஒரு எம்பு எம்பினார், தூக்கிக்கொண்டு நடந்தார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவருக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை அப்போதுதான் வந்தது. அதை இறக்கி வைக்கச் சொன்ன இடத்தில் இறக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றார்.

"வெச்சுடுங்க பெரியவரே" என்றார் பீமராவ்.

கூடத்தில் ஏழு கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் பிடிபட்டவர்கள். லால்குடியிலிருந்து நெல்லுப் போட வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர் ஒருத்தர், சமயபுரத்துக்கு நடந்து போகும்போது மாட்டிக்கொண்டவர் ஒருத்தர். பீமராவ் கையில் உறை மாட்டிக்கொண்டு மரச்சுருட்டின் பக்கத்தில் நின்றார்.

"நெருப்பு வளையத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்தவுடன் புகைப்பவர் எழுந்து நிற்க வேண்டும். சுருட்டை இடது கைக்கு மாற்ற வேண்டும். தலைவர் படம் நம்மைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எச்சில் தொட்டுப் பசையை இளக்கக் கூடாது. எச்சில் படத்தின் மேல் பட்டால் அது தனிக் குற்றம். கிழியாமல் கழற்றி, இரு கைகளாலும் ஏந்தி, உறையில் இட்டு, ஏழு நாளைக்குள் வளையச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தில் தினமும் உண்டு. லால்குடியில் செவ்வாய், வியாழன்."

லால்குடிக்காரர் கையைத் தூக்கினார். "இத்தனையும் பண்ணி முடிக்கறதுக்குள்ள சுருட்டு அணைஞ்சு போயிருமே சார்."

"அணையட்டுமே. வளையம் தப்பிச்சுதோல்லியோ?"

"நீங்க ஒரு தடவை கழட்டிக் காட்டுங்க சார், பாப்போம்."

பீமராவ் மரச்சுருட்டின் வளையத்தைப் பிடித்து இழுத்தார். அது ஆணி அடித்து மாட்டியது. வரவில்லை. "கொள்கை புரிஞ்சா போதும்" என்றார்.

ஒரு மணி ரெண்டாயிற்று, ரெண்டு ரெண்டரையாயிற்று. சான்றிதழ் வழங்கத் தலைவரே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பிச்சமுத்து எழுந்து பதிவு மேசைக்குப் போனார். நாற்காலி காலியாக இருந்தது. சனிக்கிழமை என்பதால் லின்சி ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். டிராயர் சாவி அவள் கைப்பையில். பிச்சமுத்து டிராயரைத் தொட்டுப் பார்த்தார். உடைத்தால் உடையும்; பலகைதான். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூவரசன் வந்தார். வளையத்தில் இருந்த அதே சிரிப்பு. வந்ததும் மரச்சுருட்டுக்கு மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த வாரியத்துக்கு நான் வரும்போது சுருட்டுக்கு ஒரு முகம் இல்லை. அநாதையாக இருந்தது. நான் என்ன செய்தேன்? என் முகத்தைக் கொடுத்தேன். சம்பளம் கேட்டேனா? சம்பளம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், அது வேறு. இன்று ஏழை பணக்காரன் எல்லாருடைய வாய்க்குப் பக்கத்திலும் நான் இருக்கிறேன். இது எந்தத் தலைவனுக்குக் கிடைக்கும்? சுருட்டு உடம்புக்குக் கெடுதல் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. நான் தொட்டதே இல்லை. ஆனால் ஒருவன் கெட்டுப்போகும்போதுகூட அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கெட்டுப்போகிறான் என்றால், அதுதான் மக்கள் தொடர்பு!"

பிராங்க்ளினும் பீமராவும் கைதட்டினார்கள். கிழவர்களும் தட்டினார்கள்.

சான்றிதழ் வாங்க பிச்சமுத்து முறை வந்தது. பூவரசன் ஒரு கையால் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்தபடியே, "என்ன பெரியவரே, இனிமே கழட்டுவீங்களா?" என்றார்.

"எனக்குப் பழக்கமே இல்லிங்க. எம் பொஞ்சாதிதான் பிடிப்பா. அவ நேத்து செத்துப்போயிட்டா. நாலு மணிக்குள்ள பாடிய வாங்கணும், என் ஆதார் அட்டை டிராயர்ல மாட்டிக்கிச்சு."

பூவரசன் சிரிப்பை இறக்கி, சோகத்தை ஏற்றினார். நல்ல பழக்கம் இருந்தது. "கடைசிவரை நம்ம வாரியச் சுருட்டா?"

"ஆமாங்க. வளையத்தைக் கழட்டி மோதிரமா போட்டுக்குவா. இப்பக்கூட வெரல்லதான் கெடக்கு."

"பாத்தீங்களா!" என்று பூவரசன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "என் முகத்தை ஆபரணமா..." என்றவர் நின்றார். மறுபடி பிச்சமுத்து பக்கம் திரும்பினார். "இப்பக்கூடன்னா? பொணத்தோட விரல்லயா?"

"ஆமாங்க."

"அடக்கம் பண்ணுவீங்களா, எரிப்பீங்களா?"

"ஓயாமரியில எரிக்கறதுதாங்க."

"எப்ப?"

"இன்னிக்குத்தான்."

பீமராவ் அவர் காதருகே குனிந்து, "சார், இன்னிக்கு சனிக்கிழமை" என்றார்.

பூவரசனின் முகத்தில் முதல் தடவையாக வளையத்தில் இல்லாத ஒரு களை வந்தது.

"சனிப் பொணம் தனியாப் போகாதுய்யா" என்றார் மெல்ல.

"ஒரு கோழியைக் கட்டிவிட்டா போச்சு சார், அதுதான் துணைக்குப் போகும், வழக்கம்தானே" என்றான் பிராங்க்ளின்.

"கோழியைப் பாடையிலதான்டா கட்டுவாங்க. நான் விரல்லயே ஏறி உக்காந்திருக்கேனே! அது கோழியைப் பாக்குமா, என்னையப் பாக்குமா? உசுரோட இருக்கிற என் மூஞ்சியைச் சனிக்கிழமை சுடுகாட்டுல வெச்சுக் கொளுத்தறதா? எவன்டா வளையத்துல படம் போடச் சொன்னது?"

எல்லாருக்கும் பதில் தெரியும்.

காலையிலிருந்து நகராத வாரியம் இப்போது நகர்ந்தது. இரண்டு ஜீப், ஒரு கார். காரின் மேல் சைரன். பிச்சமுத்துவை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். "எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு சொன்னீங்க பெரியவரே? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று பீமராவ் கடிந்துகொண்டார். பாலத்தில் பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. காவிரியில் தண்ணீர் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடியது.

பிணவறை வாசலுக்கு வரும்போது மணி மூன்றரை. அங்கே ஒரு புதுச் சிக்கல். வாரிய விதிப்படி வளையத்தைக் கைப்பற்ற அதிகாரம் பெற்ற ஊழியர்தான் கழற்றலாம். அதிகாரம் பெற்றவன் பிராங்க்ளின்.

"சார், என் வேலைப் பட்டியல்ல சுருட்டுதான் சார் இருக்கு. பொணம் இல்ல."

"நீங்க போங்களேன் பீமராவ்."

"பொணத்தைத் தொட்டா நான் ஆத்துக்குப் போய் மறுபடி ஸ்நானம் பண்ணணும் சார். இன்னிக்கு சனிக்கிழமை, எண்ணெய் தேய்ச்சு ஏற்கெனவே பண்ணியாச்சு."

"அப்ப இவரு போகட்டும்."

"இவர் அதிகாரம் பெற்றவர் இல்லையே சார். பொதுமக்கள்."

பூவரசன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு காரின் பானெட் மேல் வைத்தே ஒரு நியமனம் நடந்தது. ஜீப்பில் கிடந்த வெற்று அடையாள அட்டை ஒன்றை எடுத்துப் பீமராவ் எழுதினார். பெயர், பிச்சமுத்து. பதவி, தற்காலிக வளைய நீக்குநர். இன்று மாலை 5 மணி வரை மட்டும் செல்லும். ஒட்டுவதற்குப் பிச்சமுத்துவின் போட்டோ இல்லை; அந்த இடத்தில் ஏற்கெனவே தலைவர் படம் அச்சாகியிருந்தது. அதன் மேலேயே முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள்.

"கிழியாம எடுக்கணும்" என்றான் பிராங்க்ளின், கையுறையை நீட்டியபடி.

பிச்சமுத்து கையுறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பாப்பாயி வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். ஊழியர் வலது கையை எடுத்து வெளியே வைத்தார். காய்த்துப்போன உள்ளங்கை அவருக்குப் பழக்கமானது. சில்லென்று இருந்தது மட்டும் பழக்கமில்லை. மோதிர விரலில் வளையம் இருந்தது. வியாழக்கிழமைச் சுருட்டில் கழற்றியது. வெள்ளிக்கிழமை முழுக்க அதைப் போட்டுக்கொண்டு கலவைச் சட்டி தூக்கியிருக்கிறாள். தங்க நிறம் போய்விட்டது. சிவப்புக் கோடும் போய்விட்டது. படம் இருந்த இடத்தில் சிமெண்ட் பொருக்குத் தட்டி, சுரண்டி, வெறும் காகிதம் நரைத்துக் கிடந்தது. பூவரசன் இல்லை. சிரிப்பும் இல்லை.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். கையைத் துணிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எடுத்தாச்சா?" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"அதுல மூஞ்சி இல்லிங்க."

"என்னது?"

"சிமெண்ட்டுல அழிஞ்சிருக்குங்க. வெறும் கடுதாசிதான் இருக்கு. ஒரு நாள் வேலைதான் பாத்திருக்கு."

பூவரசன் நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார். பீமராவும் விட்டார். மூச்சு விட்டு முடிந்ததும் பூவரசன் முகம் மாறியது.

"ஒரு நாளா? ஒரு சித்தாள் கையில ஒரு நாள் தாங்கலையா என் மூஞ்சி?"

"டெண்டர்ல தண்ணி பட்டா அழியக் கூடாதுன்னுதான் சார் போட்டிருந்தோம். சிமெண்ட்டுன்னு போடல."

"நாட்டுல பாதிப் பேரு சிமெண்ட் வேலைதான்யா பாக்கறான்! நாலு வருஷமா நான் அழிஞ்சுக்கிட்டேவா இருந்திருக்கேன்? இன்னிக்கே விசாரணை வைக்கணும். எவன் மை குடுத்தது, எவன் காகிதம் குடுத்தது, எல்லாப் பயலையும் கூப்பிடு!"

கத்திக்கொண்டே காரில் ஏறினார். பீமராவ் கூடவே ஓடிக் கதவைச் சாத்தினார். சைரன் மறுபடி போட்டார்கள். பிச்சமுத்துவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, எதையும் திருப்பி வாங்கவில்லை, எதையும் திருப்பித் தரவுமில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"ஆதார் குடுங்க" என்றார் பிணவறை ஊழியர்.

பிச்சமுத்து தன்னிடம் இருந்த ஒரே அட்டையை நீட்டினார். ஊழியர் படத்தைப் பார்த்தார், பிச்சமுத்துவைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே."

"பேரு என்னுதுதாங்க."

ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "முத்திரை இருக்கு. கவர்மெண்ட் அட்டைதான். போதும், இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து." மூஞ்சி ஒத்துப்போகாதது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. பிச்சமுத்து கையெழுத்துப் போட்டுப் பாப்பாயியை வாங்கிக்கொண்டார்.

ஓயாமரியில் மண்டிக்காரர்கள் நாலு பேரும் இறக்கினார்கள். அங்கே வேலை பார்க்கிற வளவன் விறகை அடுக்கி முடித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து பார்த்தான்.

"கையில என்னண்ணே மோதிரம்? தங்கம் கிங்கம்னா இப்பவே எடுத்துருங்க, அப்பறம் எங்க மேல பழி வரும்."

"கடுதாசிதான்."

"கடுதாசின்னா கெடக்கட்டும். சரி, சனிப் பொணமாச்சே, கோழி எங்க?"

மண்டிக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிச்சமுத்து வாங்கியிருப்பார் என்று நினைத்து அவர்களும், அவர்கள் வாங்கியிருப்பார்கள் என்றுகூட நினைக்காமல் பிச்சமுத்துவும் வந்திருந்தார்கள்.

"அது இல்லாம எரிக்க மாட்டோம்ணே" என்றான் வளவன். "எனக்கு ஒண்ணுமில்ல. கூட வந்த உங்களுக்குத்தான் ஆபத்து. துணைக்கு எதையாவது வெச்சே ஆகணும்."

"நான் போயி வாங்கியாரேன்" என்று ஒருத்தர் கிளம்பினார்.

"இரு" என்றார் பிச்சமுத்து.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். வளவன் வாங்கிப் பார்த்தான்.

"யாருண்ணே இது? உசுரோட இருக்கிற ஆளாட்டம் இருக்கு."

"ஆமா."

"பொழங்குற அட்டையை எரிக்கலாமா? கவர்மெண்ட்டுன்னு வேற போட்டிருக்கு."

"அதுல அஞ்சு மணி வரைக்கும்தான் செல்லும்னு எழுதியிருக்கு. மணி என்ன?"

வளவன் செல்லைப் பார்த்தான். "அஞ்சே கால்."

பிச்சமுத்து அட்டையைப் பாப்பாயியின் வலது கைக்குக் கீழே, படம் மேலே தெரியும்படி, செருகி வைத்தார். வளவன் அதைக் குனிந்து ஒரு தடவை பார்த்தான்.

"கோழின்னா கொஞ்சம் கத்தும்" என்றான். "இது சிரிக்குது."

பிச்சமுத்து கொள்ளியை வாங்கிக்கொண்டார்.